நீதியரசர் மு. மு. இஸ்மாயில்: இரு பக்கமும் கேட்ட வாசகர்

எங்கள் பகுதி இலக்கியக் கூட்டங்களில் நீதியரசர் மு. மு. இஸ்மாயிலின் பெயர் எடுபட்டால் இரண்டு வசனங்களில் ஒன்று கட்டாயம் வரும். ஒன்று, "ஒரு முஸ்லிமாக இருந்துகொண்டு கம்பனைக் கரைத்துக் குடித்த மனிதர்" என்ற வியப்பு. மற்றது, "அவ்வளவு படித்தவர் நம்மட சீறாவுக்கு என்ன செய்தார்?" என்ற மனத்தாங்கல். வியப்பவரும் மனம் நோகிறவரும் அநேகமாக அவருடைய நூல் ஒன்றையும் திறந்திருக்க மாட்டார்கள். திறக்காமலே சொல்லிவிடக் கூடிய வசனங்கள் இவை. அதனால்தான் இவை இத்தனை காலம் நிலைத்து நிற்கின்றன.

என் எண்ணம் வேறு. நீதிமன்றத்தில் அவர் செய்த வேலைக்கும் கம்பனிடம் அவர் செய்த வேலைக்கும் இடையில் பெரிய மதில் எதுவும் இல்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது என்ற ஒரே பழக்கம்தான் இரண்டிலும் இருக்கிறது. அந்தப் பழக்கம் அவருக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. முஸ்லிம் என்பதற்காக அவரைத் தோளில் தூக்க வேண்டியதில்லை, முஸ்லிம் என்பதற்காகக் கணக்குக் கேட்கவும் வேண்டியதில்லை.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1921 பெப்ரவரி 8ஆம் திகதி நாகூரில் பிறந்தார். நாகூர் நம் ஊரவருக்கு அந்நியமான பெயரல்ல. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறுகிறது, சம்மாந்துறையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போன காலத்தை எங்கள் மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சட்டம் படித்து, சட்டம் கற்பித்து, 1967இல் டில்லி உயர் நீதிமன்ற நீதிபதியாகி, அதே ஆண்டில் சென்னைக்கு வந்தார். 1979 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசரானார். 1980இல், ஒக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் சில நாள்கள், தமிழ்நாட்டின் பதில் ஆளுநராகவும் இருந்தார். 2005 ஜனவரி 17ஆம் திகதி காலமானார். (ஒரு சொற்குழப்பம்: இந்தியாவில் 'உயர் நீதிமன்றம்' என்பது மாநிலத்தின் தலைமை நீதிமன்றம். அதற்கு மேலே உள்ளது உச்ச நீதிமன்றம். நமக்கு உயர் நீதிமன்றமே நாட்டின் உச்சி, மேல் நீதிமன்றம் அதற்குக் கீழ்ப்பட்டது. உயர்தர மாணவர்கள் இதை மாறி எழுதுகிறார்கள், பத்திரிகைகளும் எழுதுகின்றன.)

பதவிகளின் பட்டியல் மனிதரைக் காட்டாது. அவர் வாழ்வில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று சிறைச்சாலை விசாரணை, மற்றது அவர் பதவி துறந்த விதம்.

1976 ஜனவரி 31ஆம் திகதி, அவசரநிலைக் காலத்தில், தமிழ்நாட்டின் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அக்கட்சிக்காரரும் திராவிடர் கழகத்தாரும் 'மிசா' என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அள்ளிக்கொண்டு போகப்பட்டுச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். பெப்ரவரி தொடக்கத்திலேயே உள்ளே அடி விழுந்தது. சென்னையின் முன்னாள் மேயரும் பாராளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு கடுமையாக அடிபட்டவர்களில் ஒருவர். 1977 ஜனவரியில் அவர் இறந்தார். 2021இல் முதலமைச்சரான மு. க. ஸ்டாலினும் அன்று அடிபட்ட இளைஞர்களில் ஒருவர். அவசரநிலை முடிந்த பின் இதை விசாரிக்க அமைக்கப்பட்ட ஒருநபர் ஆணைக்குழுதான் இஸ்மாயில் ஆணைக்குழு. கைதிகள் அடிக்கப்பட்டார்கள் என்பதை அந்த அறிக்கை பதிந்து வைத்தது. அரை நூற்றாண்டு போகப்போகிறது, அந்தச் சிறையில் யார் இருந்தார், யார் அடிபட்டார் என்று தமிழ்நாட்டில் வாக்குவாதம் எழும்போதெல்லாம் இன்றும் எடுத்துப் புரட்டுவது அந்த அறிக்கையைத்தான்.

நான் இங்கே நிற்க விரும்புவது வேறொரு காரணத்துக்காக. அடிபட்டவர்கள் யாருடைய மரபில் வந்தவர்கள்? 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று ரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்ட அண்ணாவின் மரபு அது. அந்தச் சொற்போர் 'தீ பரவட்டும்' என்ற நூலாக வந்தது. 'கம்பரச'மும் அதே பேனாவிலிருந்து வந்ததுதான். 1956இல் இராமர் படத்தை எரிக்கும் கிளர்ச்சி நடத்திய பெரியாரின் மரபும் அதுவே. அவர்களுடைய தழும்புக்குச் சாட்சியம் எடுத்தவரோ கம்பனைத் தம் வாழ்நாள் வாசிப்பாகக் கொண்ட ஒருவர். கம்பன் உயிர், கம்பனைக் கொளுத்தச் சொன்ன கட்சிக்காரர் அடிபட்டதும் உண்மை. இரண்டையும் ஒரே மனம் தாங்கியது. ராமனைத் திட்டியவனுக்கு இது வேண்டியதுதான் என்று நினைக்கும் ஆள்கள் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இலக்கியம் ஒருவரைப் பண்படுத்துகிறதா என்ற பழைய கேள்விக்கு வகுப்பில் எனக்குக் கிடைக்கும் நல்ல உதாரணம் இதுதான். பண்படுத்தும் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒரு மனிதரிடம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததைக் காட்ட முடியும்.

(நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். 1968 ஜனவரியில் அண்ணாவின் அரசு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியபோது மெரீனாக் கடற்கரையில் நிறுத்திய சிலைகளுள் கம்பனுக்கும் ஒன்று இருந்தது. மனிதர்கள் அவ்வளவு ஒற்றைக் கோட்டில் போகிறவர்கள் அல்லர்.)

மற்றது 1981. அந்த ஜனவரியில் இந்திய மத்திய அரசு அவரைக் கேரளத்துக்கும், பட்னாவின் பிரதம நீதியரசர் கே. பி. என். சிங்கைச் சென்னைக்கும் மாற்றி உத்தரவிட்டது. சட்டத்தரணிகள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அவை வேறு மனுக்களோடு சேர்ந்து எஸ். பி. குப்தா வழக்கு என்ற பெயரில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 30இல் தீர்ப்பாயின. நீதிபதிகளை நியமிப்பதிலும் மாற்றுவதிலும் அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பது பற்றிய அந்தத் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் 'முதலாவது நீதிபதிகள் வழக்கு' என்று படிக்கிறார்கள். தீர்ப்பு வருமுன்பே, ஜூலை மாதத்தில், இஸ்மாயில் பதவியைத் துறந்துவிட்டார். 62 வயது ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மீதியிருந்தது. கேரளத்துக்கும் போகவில்லை.

இதைச் சிலர் துணிவு என்கிறார்கள், சிலர் பிடிவாதம் என்கிறார்கள். சென்னையில் கம்பன் கழகம் இருந்ததால் போக மனமில்லை என்று பகிடியாகச் சொல்கிறவர்களும் உண்டு. நம் ஊரில் ஓர் அதிபரை அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்கு மாற்றினாலே யார் யாரைப் பிடித்து நிறுத்தலாம் என்று அலைவதைக் கண்டிருக்கிறோம். மாற்றத்தை ஏற்காவிட்டால் கதிரையை விட்டுவிடுவது என்ற கணக்கு எங்களுக்குப் பழக்கமில்லாதது. அதனால்தான் அந்த விலகலுக்குக் காரணம் கற்பிக்கிறோம் போலும்.

இனிக் கம்பனுக்கு வருவோம். தமிழில் நீதிமன்றத்துக்கும் இலக்கியத்துக்கும் உறவு பழையது. முதல் நாவலாசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு முன்சீப். கலித்தொகையை 1887இல் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். நம்மவரில் 'அசன்பே சரித்திரம்' எழுதிய சித்திலெவ்வை ஒரு சட்டத்தரணி. இஸ்மாயில் காலத்திலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் எஸ். மகராஜன் என்ற இன்னொரு நீதிபதியும் கம்பனில் தோய்ந்தவராக இருந்தார், டி. கே. சி.யின் வட்டத்தைச் சேர்ந்தவர். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழக மரபு சென்னையிலும் கழகமாக உருவானபோது அதன் தலைமையில் இருந்தவர் இஸ்மாயில். எழுபதுகளின் நடுவில் அந்தக் கழகம் வெளியிட்ட கம்பராமாயணப் பதிப்பு பலருடைய மேசையில் இன்றும் கிடக்கிறது.

அவருடைய கம்பன் நூல்களுள் நான் முதலில் எடுத்துத் தருவது 'மூன்று வினாக்கள்'. பொருள் வாலி வதை. தலைப்பைக் கவனியுங்கள். தீர்ப்பு எதுவும் தலைப்பில் இல்லை, வினாதான் இருக்கிறது. வழக்குக் கேட்டுப் பழகியவர் அப்படித்தான் தொடங்குவார். முதலில் வழக்கின் பிரச்சினை என்ன என்று வகுத்துக்கொள்ள வேண்டும்.

வாலி வதையை ஒரு தமிழாசிரியனாக நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். அவருடைய வாசிப்பு ஏன் முக்கியம் என்பது அதிலிருந்து தெரியும். மறைந்து நின்ற ஒருவனின் அம்பு வாலியின் மார்பில் தைக்கிறது. அவன் அதைப் பற்றி இழுத்து, அதில் எழுதியிருக்கும் பெயரை வாசிக்கிறான். அடித்தவனின் பெயர் அடிபட்டவன் கையாலேயே வெளிவருகிறது. பிறகு அவன் கேட்கத் தொடங்குகிறான். நீ எந்தக் குலம், இது எந்த அறம், எனக்கும் உனக்கும் என்ன பகை, இருவர் போரில் ஒருவனுக்காக மறைந்து நின்று எய்வது எந்த வீரம்? ராமன் பதில் சொல்கிறான்: தம்பியின் மனைவியை நீ கவர்ந்தாய். வாலி திருப்பிச் சொல்கிறான்: எங்கள் இனத்துக்கு அப்படி ஒரு மணமுறை இல்லை, உங்கள் சட்டத்தை எங்கள் மேல் போடாதே. ராமன் விடவில்லை: நல்லது கெட்டது தெரிந்தவன் தன்னை விலங்கென்று சொல்லித் தப்ப முடியாது.

இதுவரை வழக்கு சரிசமமாகப் போகிறது. இரண்டு பக்கத்திலும் வாதம் இருக்கிறது. நியாயாதிக்கம் பற்றிய வாதம் கூட இருக்கிறது. இந்த நீதிமன்றம் என்னை விசாரிக்கலாமா என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்பதைப் போன்றதுதான் அது. கடைசியில் வாலி ஒன்றைக் கேட்கிறான். எல்லாம் சரி, ஏன் மறைந்து நின்றாய்? இதற்கு ராமன் வாய் திறக்கவில்லை. இலக்குவன் பதில் சொல்கிறான். முன்னால் வந்து நின்றால் நீயும் சரணடைந்துவிடுவாய், முதலில் சரணடைந்தவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று.

வான்மீகியில் இந்த இலக்குவன் பதில் இல்லை. ராமனே முழுக்கப் பதில் சொல்கிறான், வேட்டையில் மறைந்து நின்று விலங்கை அடிப்பது வழக்கம் என்ற வாதமும் அதில் வரும். கம்பன் அந்தப் பதிலை இன்னொருவர் வாயில் போட்டான். ஏன்? பக்தர் ஒரு காரணம் சொல்வார், பகுத்தறிவாளர் இன்னொன்று சொல்வார். நீதிமன்றத்தில் நின்று பழகிய கண்ணுக்கு உடனே தெரிவது ஒன்றுதான்: கேள்வி கேட்கப்பட்டவர் ஒருவர், பதில் சொன்னவர் இன்னொருவர். குறுக்கு விசாரணையில் எதிரிக்குப் பதிலாக அவருடைய தம்பி எழுந்து விடை சொன்னால் எந்த நீதிபதியும் அதைக் குறித்துக்கொள்வார். கம்பன் அதை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது. கேள்வியை அதன் முழுப் பலத்தோடு வாலியின் வாயில் வைத்துவிட்டு, விடையின் பலவீனத்தையும் காட்டிவிட்டு, அதன் பிறகே வாலியை மனம் மாற விடுகிறான்.

அந்த மன மாற்றத்துக்குப் பின் வாலி கேட்கும் வரங்களைப் பாருங்கள். தன் தம்பி கள் மயக்கத்தில் பிழை செய்தால் என் மேல் ஏவிய அம்பை அவன் மேல் ஏவிவிடாதே என்கிறான். அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பிமார் அவனை இகழ்ந்தால் தடுத்துவிடு என்கிறான். தன்னைக் கொல்ல ஆள் கூட்டி வந்த எதிராளிக்காக மன்றாடுகிறான் முறைப்பாட்டுக்காரன். வாலியின் தரப்பைப் பொறுமையாகக் கேட்காமல் 'அதர்மி செத்தான்' என்று பக்கத்தைப் புரட்டியவருக்கு இந்த இடம் கிடைக்காது. 'ஆரியச் சூழ்ச்சி' என்று பக்கத்தைப் புரட்டியவருக்கும் கிடைக்காது.

இஸ்மாயிலின் பெறுமதி இங்கே இருக்கிறது என்பது என் துணிபு. ராமகாதையில் அவருக்கு வழிபாட்டுக் கடமை எதுவும் இல்லை. வாலியின் வினாவை வினாவாகவே எடுக்க அவருக்குத் தடை இல்லை. அதே நேரம் அதை ஒரு இனத்தின் மேல் எறியும் கல்லாகவும் அவர் பார்க்கவில்லை. கம்பனிடம் போகும் வழியில் அவர் தம் தீனை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போனார் என்று நினைக்கிறவர்கள் அல்குர்ஆனில் ஸாத் அத்தியாயத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். தாவூத் நபியின் தொழுமிடத்துச் சுவரேறி இரு வழக்காளிகள் வருகிறார்கள். ஒருவர் தன் ஒற்றை ஆட்டையும் 99 ஆடு வைத்திருக்கும் சகோதரன் கேட்கிறான் என்கிறார். கேட்டவுடன் தாவூத் நபி தீர்ப்புச் சொல்லிவிடுகிறார், பிறகு தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து பாவமன்னிப்புத் தேடுகிறார். மற்றவர் பேச்சைக் கேட்குமுன் தீர்ப்புச் சொன்னதே அந்தச் சோதனை என்று விளக்கம் தந்த முபஸ்ஸிர்கள் உண்டு. அலி ரழியல்லாஹு அன்ஹு அவர்களை யெமனுக்கு நீதிபதியாக அனுப்பும்போது நபிகளார் சொன்னதும் இதுதான், மற்றவரையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்காதீர் என்று. வாலியையும் கேட்பது நமக்கு அந்நியமான பழக்கமல்ல.

இது எனக்கு ஏட்டுச் சுரைக்காய் விடயம் அல்ல. உயர்தர வகுப்பில் கம்பராமாயணப் பகுதி வரும் ஆண்டுகளில் பெற்றோர் ஒருவர் இருவர் வந்து நிற்பார்கள். "சேர், எங்கட புள்ளைக்கி என்னத்துக்கு ராமாயணம்? நம்மட சீறாவப் படிச்சிக் குடுத்தாப் போதாதா?" கேட்பவர் கெட்ட மனிதர் அல்லர். 2019க்குப் பிறகு நம் பிள்ளைகள் எதை வாசிக்கிறார்கள், எதை வாசித்தால் என்ன வரும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. "சீறாவப் படிக்கத்தான் வாப்பா கம்பன் வேணும்" என்பேன். சொல்லிவிட்டு உமறுப் புலவரின் நாட்டுப் படலத்தை எடுத்துக் காட்டுவேன். அரபு நாட்டை வருணிக்கும் இடத்தில் ஆறு பாய்கிறது, வயல் விளைகிறது, உழவர் நாற்று நடுகிறார்கள். "சேர், மக்காவுல வட்டை இரிந்திச்சா?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சம்மாந்துறைப் பிள்ளைக்கு வட்டையும் வாய்க்காலும் தெரியும், பாலைவனமும் தெரியும், இரண்டும் சேராது என்றும் தெரியும். உமறு அப்படிப் பாடியது அறியாமையால் அல்ல. காப்பியம் என்றால் நாட்டைப் பாட வேண்டும், நாடென்றால் தமிழில் இப்படித்தான் பாட வேண்டும் என்று கம்பனும் அவன் வழி வந்தோரும் போட்டு வைத்த பாதையில் அவர் நடந்தார். கம்பனைத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் படலம் ஒரு பகிடி.

இனி, குறை. இஸ்மாயிலின் விமர்சனம் ரசனை மரபைச் சேர்ந்தது. பாட்டை எடுத்துச் சுவையைக் காட்டிச் செல்வது அதன் முறை. பாத்திரங்களை விசாரிக்கும்போது இரு பக்கமும் கேட்கிறவர், கவிஞரைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். கம்பனின் சொல் சாட்சியமாகவே இருக்கிறது, சந்தேகத்துக்கு உரியதாக இல்லை. இந்தக் காப்பியம் எந்தச் சமூகத்தில், யாருடைய அரசில், யாருக்காகப் பாடப்பட்டது என்ற கேள்வியைக் கேட்கக் கைலாசபதியும் சிவத்தம்பியும் நமக்குக் கற்றுத் தந்தார்கள். எங்கள் பல்கலைக்கழக வகுப்புகள் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கின. அந்தக் கேள்வியோடு போனால் சூர்ப்பணகையின் மூக்கறுபட்ட இடத்தில் கவிஞரிடமே சிலதைக் கேட்க வேண்டியிருக்கும். இஸ்மாயிலின் நீதிமன்றத்தில் அந்த வழக்கு எடுக்கப்படுவதில்லை. கழக மேடையில் எடுக்கப்படவும் மாட்டாது. மேடை என்பது கைதட்டலுக்கான இடம், அங்கே பழகிய நாவுக்கு எழுத்திலும் அந்தச் சாயல் வந்துவிடுகிறது. ரசனை என்பது மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. கைலாசபதி வழி வந்த நாம் எத்தனையோ கட்டுரையில் ஒரு பாட்டைக் கூட ரசிக்காமல் வர்க்கத்தை மட்டும் எண்ணிவிட்டு எழுந்து போயிருக்கிறோம். இரண்டு முறையும் ஒன்றையொன்று கேட்டிருக்க வேண்டும்.

சீறாவுக்கு என்ன செய்தார் என்ற மனத்தாங்கலுக்கு என் பதில்: 'இனிக்கும் இராஜநாயகம்'. வண்ணக்களஞ்சியப் புலவர் 1807இல் பாடி முடித்த காப்பியம் இராஜநாயகம். ஸுலைமான் நபியின் கதை. நம் கூட்டங்களில் சீறாப்புராணத்தின் பெயர் நூறு தரம் சொல்லப்பட்டால் இராஜநாயகத்தின் பெயர் ஒரு தரம் வரும், அதுவும் பட்டியலில். அந்தப் பட்டியலைத் தந்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ம. மு. உவைஸ் இல்லாவிட்டால் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று ஒன்று உண்டு என்பதே பல்கலைக்கழகங்களுக்குத் தெரிந்திராது. ஏட்டையும் அச்சையும் தேடித்தேடி, எத்தனை காப்பியம், எந்த ஆண்டு, யார் கொடைநாயகர் என்று நிறுவ வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நாம் எழுபது ஆண்டாக என்ன செய்கிறோம்? நமக்கும் இத்தனை காப்பியம் உண்டு என்று பிறருக்குக் காட்டுகிறோம். நம்மில் யார் அதை இனிக்க இனிக்க வாசித்தார்?

இஸ்மாயில் எடுத்த சொல் 'இனிக்கும்'. பங்களிப்பு என்றோ தொண்டு என்றோ அவர் தலைப்பிடவில்லை. கம்பனுக்குச் செய்த அதே காரியத்தை வண்ணக்களஞ்சியத்துக்கும் செய்தார், சலுகை கொடுக்காமல், நம்மவர் என்று முதுகில் தட்டாமல். எண்ணிக்கையில் கம்பன் நூல்கள் பல, இராஜநாயகம் ஒன்று என்பது உண்மைதான். மனத்தாங்கல்காரர் அதைச் சுட்டினால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த ஒன்று செய்யும் வேலையை நம் நூறு 'முஸ்லிம்களின் பங்களிப்பு' கட்டுரைகள் செய்யவில்லை.

ஒரு நீதிபதி ஸுலைமான் நபியின் காப்பியத்தைத் தேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. குர்ஆனில் அவர் அரசர் மட்டுமல்லர், தீர்ப்பாளர். இரவில் ஒருவரின் ஆடுகள் இன்னொருவரின் பயிரில் மேய்ந்துவிட்ட வழக்கு அன்பியா அத்தியாயத்தில் வருகிறது. தந்தையும் மகனும் தீர்ப்புச் சொல்கிறார்கள், விளக்கம் மகனுக்குக் கொடுக்கப்பட்டது என்று இறைவன் சொல்கிறான். இரண்டு போகம் வயல் செய்யும் நம் ஊரில் இந்த வழக்கைப் புரியவைக்க எந்த உரையும் தேவையில்லை. வட்டைவிதானையிடம் மாடு மேய்ந்த முறைப்பாடு போகாத போகமே கிடையாது. நம்ல் அத்தியாயத்தில் இன்னொரு இடம். பறவைகளை வரிசை பார்க்கும்போது ஹுத்ஹுதைக் காணோம். தண்டிப்பேன் என்கிறார் ஸுலைமான் நபி, ஆனால் தெளிவான ஆதாரம் கொண்டுவந்தால் அது வேறு என்று ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார். ஹுத்ஹுத் வந்து ஸபா நாட்டையும் அதன் அரசியையும் பற்றிச் சொல்கிறது. அப்போதும் உடனே நம்பிவிடவில்லை. நீ சொன்னது உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்று கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார். ஒரு சின்னப் பறவைக்கும் விளக்கம் சொல்லத் தவணை உண்டு, அது சொன்னதைச் சோதிக்கவும் வழி உண்டு.

இதையெல்லாம் பழைய கதையாக வைத்துக்கொள்ள நம் நாடு விடுவதில்லை. 2020 மே மாதத்தில் மன்னாரைச் சேர்ந்த இளம் தமிழாசிரியர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 'நவரசம்' என்ற அவருடைய கவிதை நூல் தீவிரவாதத்தை ஊட்டுகிறது என்பது குற்றச்சாட்டு. தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே நூலில் இருந்தன. பிணை கிடைக்க 19 மாதம் ஆனது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தற்காலிகம் என்று 1979இல் வந்து 1982இல் நிரந்தரமான சட்டம் அது. மிசாவின் கீழ் ஒரு கட்சிக்காரர் எந்த விசாரணையும் இல்லாமல் உள்ளே கிடந்ததையும், ஒரு கவிதை நூல் இத்தனை மாதம் கூண்டில் நின்றதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கவிதையில் பேசுகிறவர் கவிஞர்தானா, அவர் படைத்த குரலா, அந்தச் சொல் கண்டிக்கிறதா போற்றுகிறதா என்று பார்ப்பது நாங்கள் உயர்தர வகுப்பில் முதல் தவணையில் சொல்லிக் கொடுக்கும் பாடம். வாலி கேட்பதெல்லாம் கம்பனின் கருத்து என்று எழுதும் மாணவருக்குப் புள்ளி குறைப்போம். அதே பிழையை ஒரு விசாரணை அதிகாரி செய்தால் ஒருவருக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் போய்விடுகிறது. அதனால்தான் கவிதை வாசிக்கத் தெரிந்த நீதிபதி என்பது ஓய்வு நேர அலங்காரம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சீறாவில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' உண்டு. வேடன் கட்டிய பெண்மான் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிறது. நபிகளார் தாமே பிணை நின்று அதை விடுவிக்கிறார்கள். மான் சொன்னபடி குட்டியோடு திரும்பி வருகிறது, வேடன் மனம் மாறுகிறான். இந்தப் படலத்தை ஆண்டாண்டாக நாம் அற்புதமாகவே கற்பித்து வருகிறோம். பிணை என்ற சொல்லைப் பிணை என்றே எடுத்து, வழக்காகவும் அதை ஒரு முறை வாசிக்கலாம். கட்டப்பட்டிருப்பவரின் பேச்சை யார் கேட்டார், அவர் வாக்கை நம்பி யார் தம்மைப் பொறுப்பாக வைத்தார், வேடன் தரப்பில் என்ன நியாயம் இருந்தது? (அவனுக்கும் பசி உண்டு, உமறு அதை மறக்கவில்லை.) இஸ்மாயில் வாலியிடம் கேட்டது போல் இந்தப் படலத்திடம் கேட்கலாம். இந்த ஆண்டு என் வகுப்பில் அப்படிக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். வேடனுக்காக வாதாட முன்வந்தவர்களில் இரண்டு பேர் சட்டபீடம் போக வேண்டும் என்று சொல்லும் பெண்பிள்ளைகள்.

இனி ஒரு வேண்டுகோள். 'இனிக்கும் இராஜநாயகம்' நூலை நான் வாசித்தது ஒரு நண்பரின் பிரதியில், அது திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இராஜநாயக மூலமும் எங்கள் பகுதி மாணவர் கையில் எட்டும் நிலையில் இல்லை. மருதமுனையிலோ காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ பழைய வீட்டு அலுமாரிகளில் இவற்றின் பிரதி வைத்திருப்போர் இருந்தால் இந்த இதழின் முகவரிக்குத் தெரிவியுங்கள். நகல் எடுத்துக்கொண்டு, எடுத்த நிலையிலேயே கொண்டுவந்து தருவேன்.